மிடி தீர்ந்த கதை

மிடி என்றால் வறுமை. எந்த அகராதியைப் புரட்டினாலும் இதுதான் பொருள். ஆகவே, சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை என் அக்காவின் பேரன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே, "சின்னத் தாத்தா! பாட்டிக்கு மிடி கொண்டுவந்திருக்கேன்!" என்று உரக்க அறிவித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கதை எழுதிப் பிழைக்கிறவன் வீட்டுக்கு அதை வெளியூரிலேருந்து வேறே சுமந்துகொண்டு வரணுமாடா? இங்கேயே வேண்டிய மட்டும் இருக்கே!" என்றேன்.

பையன் விழித்தான். அவன் தலைமுறைக்கு என் சொல் தெரியாது. என் தலைமுறைக்கு அவன் சொல் தெரியாது. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அன்று தொடங்கிப் பத்து நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த கூத்து முழுவதற்கும் இதுவேதான் காரணம். ஒருவர் ஒன்றைச் சொல்ல, கேட்கிறவர் அதை வேறொன்றாக வாங்கிக்கொள்வது. ஆனால் அதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைத் தாண்டவேண்டும். நான்காவது பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். அக்கா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்தவள். மேடை ஏறிப் பேர் வாங்கியவள் அல்ல. ஆனால் விளக்கு வைத்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து வீணையில் தோடியை எடுத்தாளானால், கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பான்.

அது தஞ்சாவூர் வீணை. பலா மரம். இருபத்து நாலு மெட்டுக்கள், மெழுகில் பதித்து ஸ்வரம் சேர்த்தவை. வாசிப்புக்கு நாலு தந்தி, தாளத்துக்கு மூன்று. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்டுப் பெண்ணுக்கு இப்பத்தான் ஜாதகம் எழுதியிருக்காங்க போலிருக்கு" என்று சிரித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசியில், அவளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு முதலில் குழறி, பிறகு தெளிந்துவிட்டது. கோலை ஊன்றி நாலடி நடக்கவும் தொடங்கினாள். வலது கை மட்டும் திரும்பவே இல்லை. வீணையில் தந்தியை மீட்டுகிற கை அது. மெட்டின் மேல் நின்று தந்தியை இழுத்து, ஒரு ஸ்வரத்துக்குள் இருக்கிற உயிரையெல்லாம் வெளியே கொண்டுவருகிற கை இடது கை. அதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் வேதனை. கட்டிலில் படுத்தபடி இடது கை விரல்களால் கட்டிற் சட்டத்தை இழுத்துக்கொண்டிருப்பாள். சத்தம் வராது. நான் பார்த்துவிட்டால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி அவளிடம் கற்றுக்கொண்டிருந்தாள்; பதினோரு வயசு. கீதமெல்லாம் முடித்து வர்ணத்துக்கு வந்திருந்தாள். அதோடு பாடமும் நின்றது. "வாயாலே சொன்னா ஸ்வரம் வரும், கமகம் வராது. அதை விரலாலே காட்டணும்" என்று அக்கா அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வீணையை அந்தப் பெண்கிட்டேயே கொடுத்துடு. பேசாத வீணை வீட்டிலே இருக்கப்படாது" என்றாள். "ஆகட்டும், அக்கா" என்றேன். சொல்லிவிட்டு ஒரு வருஷம் கடத்தினேன். பழைய பட்டுப் புடவையைப் போர்த்தி மூலையில் வைத்திருந்த வீணையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்க்காதது போலவே போவேன். அதைக் கொடுத்துவிட்டால் அக்காவிடம் மிச்சம் இருப்பது என்ன என்று எனக்குப் பயம்.

இந்த நிலைமையில்தான் பையன் ஒரு ஐபேட் பலகையும், தையல் மிஷின் மிதி மாதிரி ஒரு கால்மிதியும் கொண்டுவந்து இறக்கினான்.

மிடி என்பது வாத்தியம் அல்லவாம். மின்சார வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மனிதர்கள் ஏற்படுத்திக் கொடுத்த பாஷை. 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியின் வாத்தியமும் தனித்தனி பாஷை பேசிக்கொண்டிருந்தது. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுதாரோ ககெஹாஷியும், அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் பொது பாஷை ஒன்று வேண்டும் என்று நின்றார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு வாத்தியக் கண்காட்சியில் இருவேறு கம்பெனிகளின் வாத்தியங்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றது பாடுவதைக் காட்டினார்கள். அந்தப் பாஷையைப் பேசுவதற்கு யாரிடமும் உரிமைப் பணம் கேட்கவில்லை. 2013-இல் இருவருக்கும் அதற்காகக் கிராமி விருது கிடைத்தது. இங்கே 1986-இல் 'புன்னகை மன்னன்' வந்தபோது, இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசை அமைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஐந்து முள் வைத்த கம்பி வேண்டும், பெட்டி பெட்டியாக வாத்தியம் வேண்டும். இப்போது பெட்டிகளெல்லாம் செயலிகளாகிக் கண்ணாடிப் பலகைக்குள் புகுந்துவிட்டன. கம்பியும் கண்ணுக்குத் தெரியாத கம்பியாகிவிட்டது.

"ஆர்மோனியத்துக்குத் தம்பியா இது?" என்று கேட்டாள் அக்கா.

கேள்வி சாதாரணமானது அல்ல. கட்டைக்குக் கட்டை தாவத்தான் ஆர்மோனியத்துக்குத் தெரியும். இரண்டு கட்டைக்கு நடுவே இருக்கிற சங்கீதம் அதற்கு எட்டாது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கிவைத்து, 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது. ஆனால் பிடிலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையில் எடுத்தார்கள். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? வந்தது எந்த ஊர் என்று நம் சங்கீதம் கேட்பதில்லை. வளைந்து கொடுக்குமா என்றுதான் கேட்கிறது.

பையன் பதில் சொல்லாமல், மகேஷ் ராகவன் என்ற இளைஞர் ஐபேடில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிற படத்தைப் போட்டுக் காட்டினான். அவர் கண்ணாடியில் விரலை வழுக்கிக்கொண்டு போக, கமகம் குழைந்து வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"நல்லா வாசிக்கிறார். ஆனா அவர் விரல் வேறே, என் விரல் வேறே" என்றாள். அப்போது எங்கள் இருவருக்கும் அது அடக்கம் என்றுதான் பட்டது.

பையனின் ஏற்பாடு இது. ஒரு செயலி விரலை வாங்கிக்கொள்ளும். திரையில் மெட்டுக்கள் மாதிரி கோடுகள் இருக்கும். இன்னொரு செயலிக்குத்தான் வீணைக் குரல். மூன்றாவது, தம்பூர். ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் இடது காலுக்குக் கால்மிதி. கண்ணாடியில் விரல் பட்டவுடன் ஒலி பிறக்கும். மீட்டுகிற கை வேண்டாம். இடது கையும் இடது காலும் போதும். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதல் நாள் அக்கா கால்மிதியை அழுத்தினாள். வீணை ஓங்கவேண்டியதற்குத் தம்பூர் அலறியது. காலை எடுத்தாள். தம்பூர் செத்தது.

"ஏண்டா, நான் வீணையைக் கூப்பிட்டா தம்பூர் எழுந்து ஓடிவருதே!"

பையன் எனக்குப் படம் போட்டு விளக்கினான். அந்தக் கம்பிகளில் ஓடுவது ஒலி அல்ல. வெறும் எண்கள். மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு கட்டளை. உதாரணமாக 176, 7, 100. முதல் எண் 176 என்றால், முதல் தடத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கட்டளை. இந்த மாதிரி பதினாறு தடங்கள் உண்டு. இரண்டாவது எண் 7 என்றால், ஓசையின் அளவைப் பற்றியது. மூன்றாவது, எவ்வளவு என்பது. 0-இலிருந்து 127 வரை போகலாம். இதில் அனுப்பியது யார் என்று எழுதியிருக்காது. எந்தச் செயலிக்கு என்றும் எழுதியிருக்காது. வழியில் காது வைத்திருக்கிறவன் எவனும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வான். தம்பூர்ச் செயலி பதினாறு தடத்திலும் காது வைத்திருந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நான் காவிரிப் பாசனத்துக்காரன் அல்லவா? மேட்டூரில் அணை கட்டி முடித்தது 1934-இல். அங்கே திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. அப்புறம் ஆறு, வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று கிளைத்துக்கொண்டே போகிறது. மதகில் ஷட்டரைத் தூக்கு, இறக்கு என்று லஸ்கருக்கு வருகிற உத்தரவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் உத்தரவு ஆள் மாறிப் போனால் ஒருவன் வயல் முழுகும், ஒருவன் வயல் வெடிக்கும்.

"தம்பூர் மடையை அடைச்சுடேன்" என்றேன்.

"அதேதான் சின்னத் தாத்தா!" என்றான். செயலிகளையெல்லாம் இணைத்து வைக்கிற செயலி ஒன்று உண்டு. அதில் சதுரங்கக் கட்டம் போல ஒரு பட்டியல். இடது ஓரத்தில் அனுப்புகிறவர்கள், மேலே வாங்குகிறவர்கள். எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த வழி மட்டும் திறக்கும். கால்மிதிக்கும் தம்பூருக்கும் நடுவே இருந்த புள்ளியை அழித்தான். தம்பூர் தன் பாட்டுக்கு நிதானமாக ஒலித்தது. அக்காவின் காலுக்கு வீணை மட்டும் அடங்கியது.

அடுத்தது அளவுத் தகராறு. விரலை ஒரு ஸ்தாயி நீளத்துக்கு வழுக்கினால், காதில் ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிகூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. காரணம் இதுதான். ஸ்வரத்தை வளைக்கிற கட்டளையும் வெறும் எண்தான். முழு வளைவு என்றால் நாற்பத்தெட்டு ஸ்தானம் என்று அனுப்புகிற செயலி கணக்கு வைத்திருந்தது; இரண்டு ஸ்தானம் என்று வாங்குகிற செயலி வைத்திருந்தது. இவன் மரக்காலால் அளந்து போட, அவன் ஆழாக்கால் அளந்து வாங்கியிருக்கிறான். இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டு என்று எழுதியதும் சரியாகிவிட்டது. களத்துமேட்டுச் சண்டைகளும் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

இனி வாசிக்கவேண்டியதுதான் என்று பையன் பலகையை அக்காவின் மடியில் வைத்தான். அக்கா ஸட்ஜத்தைத் தொட்டாள். வீணைக் குரல் கணீரென்று வந்தது. ரிஷபத்துக்குப் போய், விரலை இழுத்தாள். ஸ்வரம் அசையவில்லை. இன்னும் இழுத்தாள். குரல் கொஞ்சம் கூர்மையாயிற்று, அவ்வளவுதான். ஸ்வரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் பலகையை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"பாட்டி, பக்கவாட்டிலே வழுக்கணும். அந்த வீடியோவிலே பார்த்தீங்களே, அப்படி."

அவள் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நடு இரவில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். நிலா வெளிச்சத்தில் அக்கா கட்டிற் சட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். சட்டத்தின் நீளவாட்டில் அல்ல, குறுக்கே. அவள் விரல் வேறு என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. வீணையில் விரல் மெட்டுக்கு மெட்டு போவதும் உண்டு. ஆனால் கமகத்தில் பெரும்பாலானது ஒரே மெட்டில் நின்று தந்தியைக் குறுக்கே இழுப்பதில்தான் பிறக்கிறது. அறுபது வருஷமாகத் தந்தியை இழுத்த விரல் அது. அதை வழுக்கச் சொன்னால், தாய்மொழியை மறந்துவிட்டுப் பேசு என்று சொல்வது போல.

பையனை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டவன், விஷயம் புரிந்ததும் துள்ளி எழுந்தான். விரல் பக்கவாட்டில் போனால் அது ஸ்வரத்தை வளைக்கிற கட்டளையாகப் போகிறது. மேலும் கீழும் போனால் 74 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் கட்டளையாகப் போகிறது. குரலின் கூர்மைக்கு ஏற்பட்டது அந்த 74. பாட்டியின் கமகம் முழுவதும் 74-ஆம் நம்பர் வாய்க்காலில் போய் வீணாகிக்கொண்டிருந்தது!

நடுவே ஒரு செயலியை நுழைத்தான். வருகிற கட்டளைகளைப் பிடித்து, நாம் எழுதிக் கொடுக்கிற விதிப்படி மாற்றி அனுப்புகிற செயலி அது. ஒரு துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்ட இடத்தில் 74-இன் மதிப்பு 64 என்று தொடங்கும். அதிலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் ஸ்வரம் ஏறவேண்டும். ஏனென்றால் தந்தியை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஸ்வரம் ஏறத்தான் ஏறும், இறங்காது. இதை நான்தான் அவனுக்குச் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

விடியற்காலை முதல் சோதனையில் பலகை காதைக் கிழிக்கிற மாதிரி வீறிட்டு அப்படியே மரத்துப் போயிற்று. துபாஷி சொன்னதைத் துபாஷிக்கே திருப்பிக் கொண்டுவருகிற புள்ளி ஒன்றைப் பையன் தவறிப்போய் வைத்துவிட்டான். சொன்னதையே கேட்டு, கேட்டதையே சொல்லி அது சுற்றத் தொடங்கியிருக்கிறது. புள்ளியை அழித்தோம்.

காபி குடித்ததும் அக்காவின் மடியில் பலகையை மறுபடியும் வைத்தோம். வேண்டாவெறுப்பாகத் தொட்டாள். ரிஷபத்தில் நின்று இழுத்தாள். காந்தாரம் எழுந்து வந்தது.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாசலில் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிற ஸ்வரம். அது ஆடிற்று. இரண்டு வருஷம் கழித்து எங்கள் கூடத்தில் ஆடிற்று.

"மணல் அரைபடுது" என்றாள் அக்கா.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையனுக்கும் கேட்கவில்லை. அவள் மெதுவாக இழுத்துக் காட்டினாள். "இதோ, இந்த இடத்திலே. படிக்கட்டிலே உருளுற மாதிரி."

பையன் அசந்துபோனான். ஸ்வரத்தை வளைக்கிற கட்டளைக்கு 16,384 படிகள் உண்டு. காதுக்குப் படி என்றே தெரியாது. ஆனால் 74 போன்ற கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்கு மொத்தம் 128 படிதான். பாதியிலிருந்து தொடங்குவதால் பாட்டிக்குக் கிடைத்தது 64. ஒரே மெட்டில் நின்று நாலு ஸ்தானம் இழுக்கலாம் என்று வைத்திருந்தான். அதாவது ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரை உள்ள தூரம் முழுவதும் 64 படியில் ஏறவேண்டும். அந்தப் படிகள் ஒவ்வொன்றும் அவள் காதில் இடறியிருக்கின்றன! இரண்டு படிக்கு நடுவே சின்னச் சின்னப் படிகளைத் துபாஷியே இட்டு நிரப்பும்படி விதியை மாற்றி எழுதினான். அக்கா மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நாலாவது தடவை ஒன்றும் சொல்லாமல் வாசித்துக்கொண்டே போனாள்.

வீணை ஆகிவிட்டதா அது? இல்லை. தந்தியின் இழுவை விரல் நுனியில் தெரியவில்லை என்கிறாள். கண்ணாடி அவளுக்கு எதிர்த்துப் பேசுவதில்லை. "மரத்துக்கு ஒரு மனசு இருந்துது. இதுக்குக் காது மட்டும்தான்" என்கிறாள். ஆனால் காது இருப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, சத்தமில்லாத கட்டிற் சட்டத்தை இரண்டு வருஷம் இழுத்தவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பையன் பெங்களூருக்குத் திரும்பிப் போன மறுநாள், அக்கா என்னைக் கூப்பிட்டு வீணையின் மேல் போர்த்தியிருந்த புடவையை எடுக்கச் சொன்னாள். "எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடு. வீணை அவளுக்குத்தான். ஆனா வீட்டுக்குத் தூக்கிண்டு போகக்கூடாது. இங்கேயே உட்கார்ந்து வாசிக்கணும்" என்றாள்.

இப்போது சாயங்காலங்களில் பெண் வீணையோடு கூடத்தில் உட்காருகிறாள். அக்கா கட்டிலில் பலகையோடு உட்காருகிறாள். பெண் தப்பாக இழுத்தால், கண்ணாடியில் இழுத்துக் காட்டுகிறாள். அவள் விரலைப் பார்த்துப் பெண் தன் தந்தியை இழுக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா கண்ணாடியிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒரு பஞ்சமம் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. பெண் மிரண்டுபோனாள்.

"தம்பி, மடையை அடைக்கச் சொன்ன உத்தரவு வழியிலே எங்கேயோ தொலைஞ்சுபோச்சு. அந்தச் சிகப்புப் பொத்தானை அமுக்கு" என்றாள் அக்கா, என்னைவிடப் பழகியவளாக.

பையன் போகும்போது வைத்துவிட்டுப் போன பொத்தான் அது. 123 என்ற கட்டளையை அது எல்லா வழியிலும் அனுப்பும். ஒலிக்கிற ஸ்வரம் எதுவானாலும் நிறுத்து என்பது அதன் பொருள். அமுக்கினேன். கூடம் அடங்கியது. ஓட்டின் மேல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில், சொல்லாமலே, பெண் தன் வீணையில் ரிஷபத்தில் நின்று தந்தியை இழுத்தாள். தோடியின் காந்தாரம் அசைந்தது. அக்கா பலகையைத் தொடவில்லை. இடது கையால் கட்டிற் சட்டத்தைக் கூடவே இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.